கல்வி நிதியாகப் பெருகிய வக்ஃப்: ஹாஜி முஹம்மது முஹ்ஸின் அவர்களின் வாழ்வும் சாசனமும்

 

ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் என்னைக் காத்து நிற்போரில் பெரும்பாலோர் கையில் ஒரு பள்ளிக்கூடக் கட்டண அட்டை இருக்கும். தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, இரண்டாம் தவணை கட்ட வழியறியாது நிற்கும் தாய். கல்லூரியில் இடம் கிடைத்தும் முதல் பருவக் கட்டணம் திரளாத இளைஞன். இன்ன செல்வந்தருக்கு, இன்ன அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் தாருங்கள் என்பதே அவர்கள் கேட்பது. எழுதிக் கொடுக்கிறேன். சில கடிதங்களுக்குப் பலன் கிடைக்கிறது; சிலவற்றுக்குக் கிடைப்பதில்லை.

இந்நிலையில் நம் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் தமக்குரிய கடையொன்றை வக்ஃப் செய்ய விரும்பி என்னிடம் ஆலோசனை கேட்டார். பள்ளிவாசலுக்கு என்று எழுதினால் போதுமா, ஏழைப் பிள்ளைகளின் படிப்புக் கட்டணத்திற்கும் என்று சேர்த்து எழுத வேண்டுமா என்பதே அவருடைய ஐயம். அவருக்கு நான் விடையாகச் சொன்னது ஃபிக்ஹுச் சட்டம் பாதி, ஒரு மனிதரின் வரலாறு பாதி. அந்த வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுதுமாறு நிர்வாகத்தார் பணித்தனர். வங்காளத்தின் ஹூக்ளி நகரில் வாழ்ந்து, இருநூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஹாஜி முஹம்மது முஹ்ஸின் அவர்களே அம்மனிதர்.

பிறப்பும் குடும்பமும்

அன்னார் 1732ஆம் ஆண்டு ஹூக்ளியில் பிறந்தார்கள். கல்கத்தா பெருநகராக எழும் முன்னர் கீழை வங்கக் கடல் வணிகத்தின் தலைவாயிலாக விளங்கியது ஹூக்ளித் துறைமுகமே. பாரசீகத்திலிருந்து வந்து குடியேறிய வணிகக் குடும்பங்கள் பல அங்கே இருந்தன. அவற்றுள் ஒன்று ஆகா முதஹ்ஹர் என்பவருடையது. முகலாய அரசு அவருக்கு ஜெஸ்ஸோர் பகுதியில் நிலமானியங்களை வழங்கியிருந்தது. அவருக்கு ஒரே மகள். பெயர் மன்னுஜான் கானம். தம் சொத்து முழுவதையும் அம்மகளுக்கே எழுதி வைத்துவிட்டு ஆகா முதஹ்ஹர் காலமானார். அவருடைய விதவையான ஜைனப் கானம் பின்னர் ஹாஜி ஃபைஜுல்லாஹ் என்பவரை மறுமணம் புரிந்தார். அம்மணத்தில் பிறந்தவரே முஹம்மது முஹ்ஸின்.

ஆக, மன்னுஜானும் முஹ்ஸினும் தாய் ஒருவர், தந்தை வேறு என்னும் உறவினர்; ஃபிக்ஹு நூல்களில் அக்யாஃபி எனப்படும் உடன்பிறப்புகள். சொத்து முழுவதும் அக்காளுக்கு. தம்பிக்கு அதில் ஒரு காசுகூடக் கிடையாது. சொத்தைக் காரணமாக்கி ஒரே வயிற்றுப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் பேசாதிருக்கும் குடும்பங்களை நாம் நம் கண்முன் காண்கிறோம். அவ்விருவருக்குமிடையே அத்தகைய கசப்பு எதுவும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தனர்.

முஹ்ஸின் அவர்கள் முதலில் வீட்டிலேயே ஆசிரியரிடம் அரபியும் பாரசீகமும் கற்றார்கள். பின்னர் நவாபின் தலைநகரான முர்ஷிதாபாத்துக்குச் சென்று மேற்படிப்பை முடித்தார்கள். வாள் வீச்சிலும் மல்யுத்தத்திலும் தேர்ச்சி பெற்றிருந்தார்கள். இசையிலும் நாட்டம் உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். எழுத்தழகில் வல்லவர்கள், திருக்குர்ஆனைத் தம் கையால் பிரதி எடுப்பது அவர்களின் வாழ்நாள் வழக்கமாக இருந்தது. திருமணம் செய்துகொள்ளவேயில்லை.

நெடும்பயணம்

மன்னுஜான் கானத்தை ஹூக்ளியின் ஃபவ்ஜுதாராக இருந்த மிர்ஸா ஸலாஹுத்தீன் மணந்தார். அக்காளின் வாழ்வு அமைந்தபின் முஹ்ஸின் அவர்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். முதலில் இந்தியாவின் நகரங்கள்; அடுத்து அரபு நாடு, ஈரான், இராக், துருக்கி. ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றினார்கள். மதீனா, கூஃபா, கர்பலா ஆகிய இடங்களுக்கும் சென்றார்கள். இவ்வாறு கழிந்தவை ஏறத்தாழ 27 ஆண்டுகள். நீராவிக் கப்பலும் இரயிலும் இல்லாத காலத்தில் கால்நடையாகவும் ஒட்டகத்திலும் பாய்மரக் கப்பலிலும் மேற்கொண்ட பயணம் அது.

அந்த 27 ஆண்டுகளில் அவர்கள் விட்டுச் சென்ற வங்காளம் தலைகீழாக மாறியது.  1765இல் திவானி எனப்படும் வரி வசூல் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. 1770ஆம் ஆண்டின் கொடும் பஞ்சம் வங்காளத்தின் ஊர்கள் பலவற்றை ஆளின்றிச் செய்தது. ஹூக்ளியின் வணிகம் கல்கத்தாவுக்கு இடம்பெயர்ந்தது. மிர்ஸா ஸலாஹுத்தீனும் காலமானார். பிள்ளைப்பேறு இல்லாத மன்னுஜான், அவ்வளவு பெரிய ஜமீனைத் தாம் ஒருவராகவே நிர்வகித்து வந்தார். மறுமணத்தை நாடாமல், கணக்குப் பிள்ளைகளிடமும் முற்றாக விட்டுவிடாமல், தாமே கணக்குகளைக் கவனித்த பெண்மணி அவர். அன்றைய நிலையில் இது எளிய காரியமன்று. முதுமை நெருங்கவே, ஊருக்குத் திரும்பி வந்து சொத்தைப் பார்த்துக்கொள்ளுமாறு தம்பிக்கு அழைப்பு அனுப்பினார். அறுபது வயதை நெருங்கிய நிலையில் முஹ்ஸின் அவர்கள் ஹூக்ளி திரும்பினார்கள்.

1803ஆம் ஆண்டு மன்னுஜான் மறைந்தார். தம் உடைமை யாவற்றையும் தம்பிக்கே அளித்துச் சென்றார். ஜெஸ்ஸோர் மாவட்டத்தின் ஸையிதுபூர் எஸ்டேட் அவற்றுள் தலையாயது. ஒரு துறவியைப் போல் வாழ்ந்த மனிதருக்கு 71ஆம் வயதில் வங்காளத்தின் பெருஞ்செல்வர்களுள் ஒருவர் என்னும் நிலை வந்து சேர்ந்தது. மனைவி இல்லை, மக்கள் இல்லை. தமக்குப் பின் அச்சொத்து என்னவாகும் என்பதை அவர்கள் நெடுநாள் சிந்திக்கவில்லை போலும். மூன்றே ஆண்டுகளில் வழி செய்துவிட்டார்கள்.

1806ஆம் ஆண்டுச் சாசனம்

1806இல் முஹ்ஸின் அவர்கள் தம் சொத்தை வக்ஃபாக எழுதி வைத்தார்கள். அச்சாசனத்தின் அமைப்பை ஜமாஅத்தார் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறேன். அரசுக்குச் செலுத்த வேண்டிய வரி போக எஞ்சும் வருமானத்தை 9 பங்குகளாகப் பிரிக்க வேண்டும். 3 பங்குகள் ஃபாத்திஹா, முஹர்ரம் முதலிய சமயக் காரியங்களுக்கும், ஹூக்ளி இமாம்பாடாவையும் கபுருஸ்தானையும் பழுது பார்ப்பதற்கும். 4 பங்குகள் அங்குப் பணிபுரிவோரின் ஊதியம், அன்னார் குறித்துக் கொடுத்தோருக்கான உதவித்தொகை, அன்றாடச் செலவு ஆகியவற்றுக்கு. எஞ்சிய 2 பங்குகள் நிர்வகிக்கும் முதவல்லிகள் இருவருக்கு, ஆளுக்கு ஒன்றாக. ரஜப் அலீ கான், ஷாகிர் அலீ கான் ஆகிய இருவரை முதவல்லிகளாக நியமித்தார்கள்.

அன்னார் ஷியா மரபைச் சேர்ந்தவர்கள். சாசனத்தில் இமாம்பாடாவும் முஹர்ரம் காரியங்களும் முதலிடம் பெறுவது அதனாலேயே. நம் வழிமுறை வேறு என்பதை ஜமாஅத்தார் அறிவர். ஆயினும் இவ்வக்ஃபின் பலன் பிற்காலத்தில் பெரும்பாலும் வங்கத்து ஸுன்னத் வல் ஜமாஅத் ஏழைப் பிள்ளைகளுக்கே சென்றது என்பதையும் இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

மேற்கண்ட ஒன்பது பங்குகளில் மதரஸாவுக்கென்றோ, பள்ளிக்கூடத்துக்கென்றோ, மாணவர் கட்டணத்துக்கென்றோ ஒரு பங்கு தனியாகக் குறிக்கப்படவில்லை. இன்று முஹ்ஸின் நிதி என்றாலே கல்வி நிதி என்று பொருள்படும் நிலையில் இது வியப்பாகத் தோன்றலாம். கல்விக்கு அப்பணம் எவ்வாறு வந்தது, வந்தபின் யாருக்குப் போயிற்று என்பதே இவ்வரலாற்றின் இரண்டாம் பாகம்.

சாசனம் எழுதியபின் அன்னார் மிக எளிமையாக வாழ்ந்தார்கள். 1812ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் வஃபாத்தானார்கள். அப்போது வயது எண்பது. இமாம்பாடாவை ஒட்டிய தோட்டத்தில் அக்காள் மன்னுஜானின் கபுருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

முதவல்லிகளும் வழக்குகளும்

வக்ஃப் செய்தவர் கண்மூடியபின் நடப்பது நாம் அறியாததன்று. முதவல்லிகள் வரவு செலவில் முறைகேடு செய்வதாகப் புகார்கள் எழுந்தன. அரசு வரியும் நிலுவையில் நின்றது. பொதுத் தர்மச் சொத்துகளைக் கண்காணிக்கும் அதிகாரத்தை 1810ஆம் ஆண்டின் 19ஆம் ஒழுங்குவிதி வருவாய் வாரியத்துக்கு அளித்திருந்தது. அதன்படி கம்பெனி அரசு தலையிட்டது. முதவல்லிகள் நீக்கப்பட்டனர். ஒரு முதவல்லியின் இடத்தில் அரசு தானே அமர்ந்துகொண்டது. மற்றோர் இடத்துக்குத் தான் தேர்ந்த ஒருவரை நியமித்தது. நிலங்களைப் பத்தனி எனப்படும் நிரந்தரக் குத்தகை முறையில் விட்டு, அதற்கு முன்பணமும் வாங்கியது.

நீக்கப்பட்டோர் தரப்பு வழக்குத் தொடர்ந்தது. அவ்வழக்கு இந்தியாவில் தொடங்கி, கடல் கடந்து, இலண்டனில் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1835இல்தான் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. வழக்கு நடந்த ஆண்டுகளில் செலவிடப்படாத பங்குகளும், குத்தகை முன்பணமும், அவற்றின் வட்டியும் சேர்ந்து எட்டரை லட்சம் ரூபாய்க்கு மேல் திரண்டு நின்றன. 1835இன் எட்டரை லட்சம் என்பதை இன்றைய கணக்கில் நினைத்துப் பார்க்க இயலாது.

இப்பெருந்தொகையை என்ன செய்வது? தற்காலிகத் தலைமை ஆளுநராக இருந்த மெட்காஃபின் அரசு ஒரு முடிவெடுத்தது. சமயக் காரியங்களுக்குரிய 3 பங்குகளில் கை வைப்பதில்லை. அரசு முதவல்லியாக இருப்பதால் தனக்குரிய ஒரு பங்கைத் தான் எடுத்துக்கொள்ளாமல் கல்விக்கு ஒதுக்குவது. உதவித்தொகை பெற்று வந்தோர் இறக்க இறக்க, எஞ்சும் தொகையையும் கல்வியில் சேர்ப்பது. திரண்டு நின்ற இருப்பைக் கல்லூரி ஒன்றின் மூலதனமாக்குவது. கல்வி ஒரு நற்கருமம், வாகிஃபின் பொது நோக்கம் நற்கருமங்களே என்பது அவர்கள் கூறிய நியாயம்.

வாகிஃபின் நிபந்தனைக்கு ஃபுகஹாக்கள் அளிக்கும் கனம் பெரிது. நிபந்தனையில் இல்லாத ஒன்றுக்கு வக்ஃப் வருமானத்தைத் திருப்புவதற்கு அவர்கள் எளிதில் இசைவதில்லை. அவ்வளவுகோலால் அளந்தால் அரசு செய்தது கேள்விக்குரியதே. எனினும் முதவல்லி தன் ஊதியத்தைத் தான் உண்ணாமல் நற்காரியத்துக்கு விடுவது ஆகுமானதே என்பதால், அந்த ஒரு பங்கைப் பொறுத்தவரை குறை காண எனக்கு இடமில்லை. குறை வேறோர் இடத்தில் இருந்தது.

கல்லூரியும் வெளியே நின்ற பிள்ளைகளும்

1836ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், ஹூக்ளியை அடுத்த சின்சுராவில் கல்லூரி திறக்கப்பட்டது. டாக்டர் தாமஸ் வைஸ் அதன் முதல் தலைவர். திறந்த மூன்று நாட்களுக்குள் ஆங்கிலப் பிரிவில் சுமார் 1200 பேரும் கீழைமொழிப் பிரிவில் சுமார் 300 பேரும் சேர்ந்தனர். பின்னர் ஆற்றங்கரையில் பெரோன் என்னும் பிரெஞ்சுத் தளபதி கட்டியிருந்த மாளிகைக்குக் கல்லூரி மாறியது. அக்கட்டடம் இன்றும் உள்ளது. முஹ்ஸின் அவர்களின் பெயரை நினைவூட்டும் மருத்துவமனையும் இந்நிதியிலிருந்து சின்சுராவில் எழுந்தது. இமாம்பாடா மருத்துவமனை என்றே அதற்குப் பெயர். பழைய இமாம்பாடா இருந்த இடத்தில் 1841இல் தொடங்கி 1861இல் முடிந்த பெரிய இமாம்பாடாவும், அதன் மணிக்கூண்டும் ஹூக்ளியின் அடையாளமாயின.

கல்லூரியில் எல்லாச் சமயத்தாருக்கும் இடமிருந்தது. நாவலாசிரியர் பங்கிம் சந்திர சட்டர்ஜி அங்குப் பயின்றவர். கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்த துவாரகாநாத் மித்தரும் அங்குப் பயின்றவரே. ஒரு முஸ்லிமின் தர்மத்தில் பிற சமயத்துப் பிள்ளைகள் படித்து உயர்ந்ததைக் குறையாகச் சொல்ல மாட்டேன், பெருமையாகவே சொல்வேன். வருத்தம் என்னவெனில், ஆங்கிலப் பிரிவின் வகுப்பறைகளில் முஸ்லிம் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்தனர். தொழுகைப் பாயிலிருந்து எழுந்து சொத்து முழுவதையும் எழுதி வைத்தவரின் பணத்தில் நடந்த கல்லூரி. அவருடைய சமுதாயத்தின் பிள்ளைகள் வெளியே.

காரணங்கள் பல. 1837இல் பாரசீக மொழி அரசு மொழி என்னும் நிலையை இழந்தது. அதைக் கற்றுப் பிழைத்த குடும்பங்கள் வேரிழந்தன. 1828 முதல் அரசு மேற்கொண்ட இனாம் நில மீட்பு நடவடிக்கையால் மக்தபுகளையும் மதரஸாக்களையும் தாங்கி நின்ற மானிய நிலங்கள் பல கைவிட்டுப் போயின. மார்க்கக் கல்வி இல்லாத ஆங்கிலப் பள்ளியில் பிள்ளையை விடப் பெற்றோர் தயங்கினர். இத்தயக்கத்தை நம்மவர் சிலர் முழுக்காரணமாக்கிப் பேசுவர். அது பாதி உண்மைதான். கிழக்கு வங்காளத்தின் கிராமங்களில் முஸ்லிம்கள் பெரும்பாலும் உழவர்கள். மாவட்டத் தலைநகரில் இருந்த அரசுப் பள்ளிக்கு மகனை அனுப்ப வேண்டுமாயின் மாதக் கட்டணம், நூல், உணவு, தங்குமிடம் என்று ரொக்கமாகப் பணம் வேண்டும். அறுவடை நாளில் மட்டும் காசைக் காணும் குடியானவனுக்கு மாதந்தோறும் ரூபாய் எங்கிருந்து வரும்? பள்ளியில் சேர மனமிருந்தும் கட்டணம் இல்லாததால் நின்றவர் எத்தனை பேர் என்பதைப் பதிவேடுகள் சொல்வதில்லை. சேர்ந்தவர் பெயர் மட்டுமே பதிவேட்டில் இருக்கும்.

இந்நிலை ஓராண்டு, ஈராண்டு அல்ல. 37 ஆண்டுகள் நீடித்தது.

கேட்டவர்கள்

கேட்காமல் எதுவும் மாறவில்லை. கல்கத்தாவில் நவாப் அப்துல் லத்தீஃப் என்னும் அறிஞர், அரசுப் பணியில் இருந்துகொண்டே, இந்நிதியை முஸ்லிம்களின் கல்விக்குத் திருப்பித் தர வேண்டும் என்று விடாது வற்புறுத்தி வந்தார். 1863இல் அவர் நிறுவிய முகம்மதிய இலக்கியச் சங்கம், ஆங்கிலக் கல்வி மார்க்கத்துக்குப் பகையன்று என்பதை முஸ்லிம் பெருமக்களுக்கு எடுத்துரைக்கும் மேடையாயிற்று. ஒருபுறம் அரசிடம் விண்ணப்பம். மறுபுறம் சமுதாயத்தாரிடம் அறிவுரை. இரண்டையும் ஒருசேரச் செய்தார் என்பதால்தான் அவருடைய சொல்லுக்கு இருபுறமும் மதிப்பிருந்தது என்பது என் கருத்து.

1871இல் வில்லியம் ஹன்டர் என்னும் ஆங்கில அதிகாரி, இந்திய முஸ்லிம்களின் நிலை குறித்து ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலில் பல கருத்துகள் நமக்கு உவப்பானவையல்ல. ஆயினும் ஹூக்ளி வக்ஃபைப் பற்றி அவர் எழுதிய பக்கங்கள் ஆட்சியாளர்களைக் கூச வைத்தன. முஸ்லிம் தர்மப் பணத்தில், முஸ்லிம்கள் பயன்பெறாத கல்லூரியை அரசு நடத்துகிறது என்று அவர் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அதே ஆண்டு ஆகஸ்டில் தலைமை ஆளுநர் மேயோ, முஸ்லிம்களின் கல்வி குறித்து மாகாண அரசுகளைக் கேட்டுத் தீர்மானம் வெளியிட்டார். அவர் 1872 பிப்ரவரியில் அந்தமானில் கொல்லப்பட்டார். அடுத்து வந்த நார்த்புரூக் காலத்தில், வங்காளத்தின் துணை ஆளுநர் ஜார்ஜ் கேம்பல் அனுப்பிய பரிந்துரையை ஏற்று 1873இல் முடிவு பிறந்தது.

அம்முடிவின்படி ஹூக்ளிக் கல்லூரியின் செலவை அரசு தன் சொந்தக் கருவூலத்திலிருந்து ஏற்றுக்கொண்டது. அதற்கென ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 ரூபாய் மாகாணத்துக்குக் கூடுதலாக ஒதுக்கப்பட்டது. அதனால் விடுபட்ட முஹ்ஸின் நிதி முழுவதும் முஸ்லிம்களின் கல்விக்கு என்றாயிற்று.

மூன்றில் இரண்டு பங்கு

இந்நிதியைச் செலவிட வகுத்த முறையே இவ்வரலாற்றில் நமக்கு மிக நெருங்கிய பகுதி. நிதியைக் கொண்டு 1874இல் டாக்கா, ராஜ்ஷாஹி, சிட்டகாங் ஆகிய மூன்று நகரங்களில் மதரஸாக்கள் நிறுவப்பட்டன. அரசுப் பள்ளிகள் சிலவற்றில் அரபி, பாரசீக ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். தேர்வில் சிறந்தோருக்கு உதவித்தொகைகள் ஏற்படுத்தப்பட்டன. இவையனைத்தையும்விட அதிகப் பிள்ளைகளைத் தொட்டது கட்டண உதவியே. அரசுக் கல்லூரிகளிலும் மாவட்டப் பள்ளிகளிலும் பயிலும் முஸ்லிம் மாணவர்களின் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கை முஹ்ஸின் நிதி செலுத்தும். எஞ்சிய ஒரு பங்கை மாணவரின் குடும்பம் செலுத்த வேண்டும். ஓர் எடுத்துக்காட்டாகச் சொன்னால், மாதக் கட்டணம் 3 ரூபாயாக இருக்கும் பள்ளியில் தகப்பனார் 1 ரூபாய் கொண்டுவந்தால் போதும். 2 ரூபாய் நிதியிலிருந்து வரும்.

முழுக் கட்டணத்தையும் ஏன் நிதியே கட்டவில்லை என்று கேட்கலாம். நிதி அளவானது; மாணவரோ பெருகிக் கொண்டிருப்பர். முழுக் கட்டணமும் கொடுத்தால் இருவர் படிப்பர்; மூன்றில் இரண்டு கொடுத்தால் அதே பணத்தில் மூவர் படிப்பர். மேலும், தம் பங்கு ஒன்றைக் கட்டும் தகப்பனார் பள்ளிக்கூட வாசலில் யாசகராக நிற்பதில்லை. பணமும் பெற்றோரின் கைக்குப் போகவில்லை, பள்ளிக்கே நேராகச் சென்றது. ஆகவே கட்டணத்துக்கென வாங்கியது வேறு செலவில் கரைந்தது என்னும் பேச்சுக்கும் இடமில்லை. நம் பைத்துல்மால் கணக்கை எழுதும் சகோதரர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இவ்வுதவி பள்ளியில் சேர்ந்துவிட்ட பிள்ளைக்கே கிடைத்தது. மாவட்டத் தலைநகருக்கு வரவே இயலாத குடியானவனின் மகனுக்கு மூன்றில் இரண்டு பங்கும் எட்டாத தொலைவில் இருந்தது. நூலுக்கும் உணவுக்கும் ஆகும் செலவையும் அது தொடவில்லை. கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டால் கல்வி வந்துவிடும் என்று எண்ணும் நமக்கும் இக்குறை பொருந்துகிறது. சீருடை, பேருந்துக் கட்டணம், காலை உணவு ஆகியவற்றை எண்ணாமல் கொடுத்த உதவியால் பாதி ஆண்டில் நின்றுபோன பிள்ளைகளை நானே அறிவேன்.

பலன் பெற்றோர்

டாக்கா மதரஸாவின் முதல் தலைவராக அமர்ந்தவர் மௌலானா உபைதுல்லாஹ் அல் உபைதீ சுஹ்ரவர்தி. பிற்காலத்தில் வங்காளத்தின் தலைமை அமைச்சராகவும் பாகிஸ்தானின் பிரதமராகவும் விளங்கிய ஹுஸைன் ஷஹீத் சுஹ்ரவர்தியின் தாய்வழிப் பாட்டனார் அவர். அரபி பாரசீகத்தோடு ஆங்கிலமும் கற்பிக்கப்பட்ட அம்மதரஸாவிலிருந்து, கிழக்கு வங்காளத்தின் முஸ்லிம் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் அரசு அலுவலர்களும் பலர் தோன்றினர். அதுவே இன்று டாக்காவில் கவி நஸ்ருல் அரசுக் கல்லூரியாக விளங்குகிறது. சிட்டகாங் மதரஸா இன்று ஹாஜி முஹம்மது முஹ்ஸின் கல்லூரி. சின்சுராக் கல்லூரியும் பின்னர் ஹூக்ளி முஹ்ஸின் கல்லூரி எனப் பெயர் பெற்றது. டாக்காப் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதி ஒன்றுக்கும் அன்னாரின் பெயர் உண்டு.

இவ்வரிசையில் நீதிபதி ஸையித் அமீர் அலீ அவர்களைத் தனித்துச் சொல்ல வேண்டும். 1849இல் பிறந்த அவர் ஹூக்ளிக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார்; பின்னர் உதவித்தொகை பெற்று இலண்டன் சென்று பாரிஸ்டரானார். முஸ்லிம் பிள்ளைகள் அரிதாயிருந்த காலத்தில் அக்கல்லூரியின் வகுப்பறையில் அமர்ந்தவர்களுள் அவர் ஒருவர். கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாகவும், இந்தியர்களுள் முதல்வராக 1909இல் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு உறுப்பினராகவும் உயர்ந்தார். முஹ்ஸின் வக்ஃபின் வழக்கு முன்பு முடிவான அதே சபையில், அவ்வக்ஃபால் நடந்த கல்லூரியின் மாணவர் நீதிபதியாக அமர்ந்தார். 1876 முதல் 1904 வரை ஹூக்ளி இமாம்பாடா நிர்வாகக் குழுவின் தலைவராகவும் இருந்தார். வக்ஃபுச் சட்டம் குறித்து அவர் எழுதியவற்றை இந்நாட்டு நீதிமன்றங்கள் நெடுங்காலம் மேற்கோளாகக் கொண்டன. வாங்கி உண்ட சோற்றுக்கு நன்றி செலுத்துவது என்று ஊரில் சொல்வார்களே, அதை இவரிடம் காண்கிறோம்.

1947இல் வங்காளம் இரண்டானபோது நிலங்கள் பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் சென்றன. இமாம்பாடாவும் கல்லூரியும் இப்பால் நின்றன. ஆயினும் முஹ்ஸின் பெயரிலான மாணவர் உதவி என்னும் வழக்கம் வங்காளத்தில் அற்றுப் போகவில்லை.

மீண்டும் நம் பெரியவரிடம்

இமாம்பாடாவின் ஆற்றை நோக்கிய சுவரில் அன்னாரின் சாசனம் பொறிக்கப்பட்டிருக்கிறது. முதவல்லிகள் யார், எத்தனை பங்கு, எதற்கு என்று வருவோர் போவோர் யாவரும் படித்துத் தெரிந்துகொள்ளும்படி இருக்கிறது.

இவ்வரலாற்றைக் கேட்ட நம் பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, கடை வாடகையில் எத்தனை பங்கு படிப்புக்கு என்று எழுதலாம் எனக் கேட்டார். பங்கைத் தாங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் படிப்புக் கட்டணம் என்ற சொல்லை வெளிப்படையாக எழுதுங்கள். பணம் நேராகப் பள்ளிக்கூடத்துக்குச் செல்ல வேண்டும் என்று எழுதுங்கள். கணக்கை ஆண்டுதோறும் ஜமாஅத்தார் முன் படிக்க வேண்டும் என்று எழுதுங்கள் என்றேன். மூன்றில் ஒரு பங்கு பள்ளிவாசலுக்கும், இரு பங்கு பிள்ளைகளின் கட்டணத்துக்கும் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். பத்திரம் பதிவாகிவிட்டது. வரும் கல்வியாண்டிலிருந்து அவ்வருமானம் பைத்துல்மால் கணக்கில் தனித் தலைப்பில் வரும். உதவி தேவைப்படும் பெற்றோர் கட்டண அட்டையின் நகலுடன் ஏப்ரல் மாதத்துக்குள் நிர்வாகத்தாரிடம் விண்ணப்பம் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஜூன் மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

வல்ல அல்லாஹ் ஹாஜி முஹ்ஸின் அவர்களின் தர்மத்தையும், நம் பெரியவரின் தர்மத்தையும் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.